போதகருக்கும் வேண்டும் ஒரு ‘ரெஸ்ட் கிவர்’

நம் மலரில் இதற்கு முன் இரண்டு முறை தண்டவாளத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். இம்முறையும் அதைப் பற்றியே எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். இதற்கிடையில் நம் ஊர்த் தமிழ்ச் சபையின் போதகர் மூன்று வார விடுப்பில் சென்றார். அதைக் கேள்விப்பட்ட சங்க உறுப்பினர் ஒருவர் என்னிடம், “ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர வேலை. அதற்கு மூன்று வாரம் லீவா ஸார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர். கேட்டதில் தவறும் இல்லை. கிறிஸ்தவர்களாகிய நாங்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அப்படி நினைத்ததால் ஒரு நல்ல மனிதரை இழந்தோம். ஆகவே தண்டவாளத்தை அடுத்த மலருக்குத் தள்ளி வைத்துவிட்டு, அவர் கேட்ட கேள்விக்கே இங்கு பதில் எழுத முற்படுகிறேன். இரயில்வேக்காரன் எழுதுவதால் இரயில்வே வாடை வீசத்தான் செய்யும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரயில்வேயில் ‘ரெஸ்ட் கிவர்’ என்று ஓர் உத்தியோகம் உண்டு. வெளியாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு சிறிய ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக மூன்று ஸ்டேஷன் மாஸ்டர்கள். வண்டி தீபாவளிக்கும் ஓடும், பொங்கலுக்கும் ஓடும். இந்த மூவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஒருவர் ஓய்வில் இருக்கும்போது சிக்னல் கொடுப்பது யார்? அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். இன்று இந்த ஸ்டேஷன், நாளை அடுத்த ஸ்டேஷன் என்று ரோஸ்டர்படி போய், அங்கங்கே ஓய்வில் இருப்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய வேலையைச் செய்வார். அவர்தான் ரெஸ்ட் கிவர். அவர் உபரி ஆள் அல்லர். ஸ்டேஷனுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும்போதே அவரையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். அவர் வராத நாளில் மற்றவருக்கு ஓய்வு கிடையாது. ‘நீ ஓய்வு எடுத்துக்கொள்’ என்று வாயால் சொல்வது வேறு, ஓய்வு கொடுப்பது வேறு என்பதை நான் இந்த உத்தியோகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் ஏதோ மேலதிகாரியின் தயவு அன்று. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊழியர்களை வேலையின் கடுமைக்கு ஏற்ப வகை பிரித்திருக்கிறார்கள். தொடர்ந்து கவனம் செலுத்த வேண்டிய கடும் வேலை என்றால் வாரத்துக்குச் சராசரியாக 45 மணி நேரம். சாதாரணத் தொடர் வேலை என்றால் 54. நடுநடுவே சும்மா இருக்கக்கூடிய வேலை என்றால் 75. முதல் இரு வகையினருக்கும் வாரம் ஒரு முறை இடைவிடாமல் 30 மணி நேர ஓய்வு. மூன்றாம் வகையினருக்கு ஒரு முழு இரவையும் சேர்த்து 24 மணி நேரம். எஞ்சின் ஓட்டுபவர்களுக்கும் கார்டுகளுக்கும் மாதக் கணக்கு: 30 மணி நேர ஓய்வு நான்கு முறை, அல்லது ஒரு முழு இரவையும் சேர்த்து 22 மணி நேர ஓய்வு ஐந்து முறை. ‘ஒரு முழு இரவு’ என்று சட்டம் எழுதியவர் சேர்த்திருக்கிறாரே, அவர் விஷயம் தெரிந்தவர். பகலில் படுத்துப் புரள்வது தூக்கம் ஆகாது.

இந்த வகைகளுக்கு அப்பால் நான்காவதாக ஒன்று உண்டு. அதற்கு ‘எக்ஸ்க்ளூடட்’ என்று பெயர், அதாவது கணக்கிலிருந்து விலக்கப்பட்டவர்கள். அதிகாரிகளும் மேற்பார்வையாளர்கள் சிலரும் இதில் வருவார்கள். இவர்களுக்கு மணிக்கணக்கும் இல்லை, வாராந்தர ஓய்வுக்கு உத்தரவாதமும் இல்லை. பொறுப்பானவர்கள், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலும். நானும் ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பேற்றபின் இந்த வகையில் இருந்தவன்தான். இரவு இரண்டு மணிக்குத் தண்டவாளம் விரிந்துவிட்டது என்று ஆள் வந்து கதவைத் தட்டினால் எழுந்து போக வேண்டியதுதான்.

சபைப் போதகரும் இந்த நான்காம் வகையைச் சேர்ந்தவர் என்பதே நான் சொல்ல வருவது. ஒரு வித்தியாசம்: எனக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்புக் கணக்காவது இருந்தது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் போதகரை ‘ஐயர்’ என்றும், அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும் அழைப்போம். (வடக்கே வந்து இப்படிச் சொல்லப்போய், மயிலாப்பூர் நண்பர் ஒருவர் குழம்பிப்போனது தனிக்கதை.) ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் பேச்சில் ‘ஓய்வுநாள்’ என்றே பெயர். பிள்ளைகள் போவது ஓய்வுநாள் பள்ளி. ஊரில் எல்லோருக்கும் ஓய்வுநாளாக இருக்கும் அந்த ஒரு நாளில்தான் ஐயருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சரி, மற்ற ஆறு நாளில்? தமிழ்நாட்டில் உள்ள போதகருக்குச் சபை வேலை மட்டும்தான். நம்மைப் போல் பிழைக்க வந்த ஊரில் இருக்கும் தமிழ்ப் போதகருக்கு அது பாதி வேலை. இரயில்வே தேர்வு எழுத வந்த பையன் இரவு தங்க இடமில்லாமல் வந்து நிற்பான். அரசு மருத்துவமனையில் இந்தி தெரியாத தாயின் பக்கத்தில் நின்று டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். கட்டட வேலைக்கு வந்த ஆளை மேஸ்திரி கூலி கொடுக்காமல் விரட்டிவிட்டால் பேச வேண்டும். யாராவது இறந்துவிட்டால், உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களுக்காக அலைய வேண்டும். வருகிறவர் எந்த மதம் என்று அவர் கேட்பதில்லை. இதைப் படிக்கும் பலருக்கும் அது தெரியும். இவை தவிர, இரு வீட்டுச் சண்டைகளையும், ஒருவர் மற்றவரிடம் சொல்லக் கூடாத இரகசியங்களையும் கேட்டு மனத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுமையை இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் கிடையாது.

இனி என் தவறுக்கு வருகிறேன். நான் முன்பு பணியாற்றிய ஊர் ஒன்றில் எங்களுக்கு நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒரு தமிழ்ச் சபை இருந்தது. நான் அதன் செயலாளர். 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் போதகர், குடும்பத்தோடு எங்காவது போய்வரப் பன்னிரண்டு நாள் விடுப்பு கேட்டார். மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறதே என்றது கமிட்டி. ஆகஸ்டில் கேட்டார், அசனப் பண்டிகை வருகிறது என்றோம். டிசம்பரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிப்ரவரியில் கேட்டபோது, நாற்பது நாள் தபசுகாலம் தொடங்குகிறது, அது முடியட்டும் என்றோம். இப்படியே மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் தீர்மானப் புத்தகத்தில் ‘பிறகு பரிசீலிக்கலாம்’ என்று என் கையெழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். யாரும் அவரை வெறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் தோறும் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தோம். அவருக்குப் பதில் யார் நிற்பது என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் ஐயரம்மா என் மனைவியிடம், “அக்கா, இவங்க ராத்திரியில தூங்குறதே இல்ல. கேட்டா, ஜெபம் பண்ணுறேன்கிறாங்க. ஜெபம் இல்லக்கா, சும்மா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க” என்று சொல்லியிருக்கிறார். மனைவி என்னிடம் சொன்னாள். அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த கமிட்டிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பிரசங்க பீடத்தில் ஏறியவர், வேதாகமத்தைத் திறந்தவர், பேசவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. மௌன ஜெபம் என்று நினைத்துச் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரையும் அடையாளம் தெரியாதவர் பார்ப்பது போல் இருந்தது. இறங்கி வந்து முதல் பெஞ்சில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று ஆராதனையை முடித்து வைத்தது ஆர்கன் வாசித்த பெண்தான். ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினாள், எல்லோரும் எழுந்து பாடினோம். அந்த மாதமே அவர் ஊருக்குப் போனார். உடல் தேறியது. ஆனால் போதகர் பணிக்குத் திரும்பவில்லை. ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். எங்களுக்கு அடுத்த போதகர் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. பன்னிரண்டு நாள் கொடுக்க முடியாது என்றவர்கள் பதினான்கு மாதம் போதகர் இல்லாமல் இருந்தோம்.

எனக்கு இதில் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. அதே ஆண்டுகளில் என் செக்‌ஷனில் ஒரு லெவல் கிராசிங் கேட்கீப்பர், மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்துவிட்டு, மூன்றாவதற்கும் தயார் என்றார். ஓவர்டைம் கிடைக்குமே என்பது அவர் கணக்கு. நான் விடவில்லை. கேங்கிலிருந்து தகுதிச் சான்று உள்ள ஒருவரை அனுப்பி, அவரை வீட்டுக்கு விரட்டினேன். தூக்கமில்லாதவன் கையில் கேட்டை விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குப் பாடம். அதே நான், மாலையில் சபைக்கு வந்ததும், நாற்பது குடும்பங்களின் சாவியைத் தூக்கமில்லாத மனிதர் கையில் கொடுத்து வைத்திருந்தேன்.

இரும்பைப் பற்றியும் இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்துக்கும் களைப்பு உண்டு. சக்கரம் ஏறி ஏறி இறங்க, உள்ளுக்குள் மயிரிழை போல விரிசல் விழும். மேலே பார்த்தால் தண்டவாளம் பளபளவென்று இருக்கும். அதிகம் உழைக்கும் தண்டவாளம்தான் அதிகம் பளபளக்கும். ஆகவேதான் ஒலியலைக் கருவியை வைத்து உள்ளே சோதிக்கிறோம். எத்தனை கோடி டன் பாரம் அதன்மேல் ஓடியது என்று கணக்கு வைத்து, வயது முடிந்ததும் மாற்றிவிடுகிறோம். விரிசல் விழுந்த தண்டவாளத்துக்கு ஓய்வு கொடுத்துப் பயனில்லை. அது தானாகக் கூடாது. மனிதன் அப்படியல்ல. உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தால் அவனுக்குள் விழுந்த விரிசல் கூடிவிடும். இந்த வசதி இரும்புக்கு இல்லை. இருந்திருந்தால் இரயில்வேக்கு எத்தனையோ பணம் மிச்சமாகியிருக்கும்.

ஓய்வு கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கும் கிறிஸ்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். இராஜாக்களின் முதல் புத்தகம் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற மனிதர், மறுநாளே அரசியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். அங்கே ஒரு தேவதூதன் வருகிறான். வந்தவன் பிரசங்கம் பண்ணவில்லை, ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துத் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். வேலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. அங்கேயும் கடவுள் கொடுக்கும் கட்டளைகளில் ஒன்று, எலிசாவை உனக்குப் பதிலாக ஏற்படுத்து என்பது. நான் இரயில்வே பாஷையில் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: முதலில் ஓய்வு, பிறகு ரெஸ்ட் கிவர் நியமனம்.

மோசேக்கு இதைச் சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. காலை முதல் மாலை வரை ஒரே ஆளாக உட்கார்ந்து எல்லோர் வழக்கையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து, இப்படிச் செய்தால் நீயும் சோர்ந்துபோவாய், வந்து நிற்கிற ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்றார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று ஆள் போடச் சொன்னார். அப்படியே எங்கள் இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்! மாமனார் பேச்சைக் கேட்ட மருமகன் என்ற வகையிலும் மோசே பெரியவர்தான்.

இயேசுவும், திரும்பி வந்த சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாததைப் பார்த்து, ஆளில்லாத இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறலாம் என்று படகில் அழைத்துக்கொண்டு போனதாக மாற்கு எழுதியிருக்கிறார். அந்த ஓய்வு நடக்கவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஜனங்கள் கரை வழியாக ஓடி, படகுக்கு முன்னே போய் நின்றுகொண்டார்கள். போதகர் விடுப்பில் போன இடத்துக்கும் போன் போடுகிற நம்மவர்களுக்கு அந்தக் கூட்டம் முன்னோடி.

இவையெல்லாம் பழங்கதை என்பவர்களுக்காக, நம் தமிழ்மண்ணில் நடந்ததைப் பார்ப்போம். எங்கள் பக்கத்து டோனாவூரில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். 1951இல் மறையும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ‘ஐம்பத்தைந்து ஆண்டு, ஒரு நாள் விடுப்பில்லை’ என்று மேடைதோறும் சொல்லிப் போதகர்களுக்கு அவரை உதாரணம் காட்டுவார்கள். சிறுவயதில் நானும் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. 1917இல் அந்த அம்மையார் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டில் ஓர் இடம் வாங்கி, அங்கே ஒரு வீட்டைக் கட்டினார். வெயில் காலத்தில் பிள்ளைகளும் அவர்களைக் கவனிக்கும் ஊழியர்களும் போய் இளைப்பாறுவதற்காகத்தான். கப்பலேறவில்லையே தவிர, ஓய்வின் அருமை தெரியாதவர் அல்லர்.

கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படகு விடும் அந்த ஊரில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன் போதகர்கள். 1834இல் மதுரைக்கு வந்தவர்கள் காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் சொந்த மனிதர்களைப் பலிகொடுத்த பிறகுதான் மலைக்கு ஏறினார்கள். கால்டுவெல் ஐயரின் கதை தமிழர்கள் எல்லோருக்கும் வேண்டியது. 1838இல் சென்னையில் வந்து இறங்கி, 1841 முதல் இடையன்குடித் தேரிமணலில் பணியாற்றியவர், 1854இல் உடல்நலம் குன்றி இங்கிலாந்துக்கு விடுப்பில் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் அச்சாகி வெளிவந்தது 1856இல், அந்த விடுப்புக் காலத்தில். ‘சபை வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமா?’ என்று இடையன்குடிக் கமிட்டி கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் வடக்கே வந்தபின் நேரில் கண்ட உதாரணம் ஸாத்தால். 1994இல் கத்கோதாம் பாதையில் மீட்டர் கேஜை எடுத்துவிட்டு பிராட்கேஜ் போட்ட வேலையில் நான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீம்தால் வழியாக மலையேறி ஸாத்தாலில் உள்ள ஆசிரமத்தைப் பார்க்கப் போனேன். அதை 1930இல் ஏற்படுத்தியவர் ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகர். 1907இல் லக்னோவுக்கு வந்தவர். எட்டு ஆண்டு ஓயாமல் உழைத்ததில் நரம்பு தளர்ந்து சரிந்துவிட்டார். அமெரிக்காவுக்குப் போய் ஓய்ந்து திரும்பினார், மறுபடி சரிந்தார். மலைக்குப் போய் இறங்கினார், மீண்டும் சரிந்தார். கடைசியில் லக்னோவில் ஒரு ஜெபவேளையில், இந்தச் சுமை என்னால் முடியாது என்று கடவுளிடம் ஒப்படைத்த பிறகே புதுத்தெம்பு வந்ததாக அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆகவே, மலையில் போய்ப் படுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் நானே தாங்குகிறேன் என்ற நினைப்பையும் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அதையே தூக்கிக்கொண்டுதான் இறங்கி வருவோம்.

அப்படி விழுந்து எழுந்தவர் பிறகு செய்த இரண்டு காரியங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று ஸாத்தால். கோடைதோறும் அங்கே கூடியவர்களிடையே பட்டம் பதவி கிடையாது; எல்லோரும் சகோதரர், சகோதரி. வாரத்தில் ஒரு நாள் அங்குள்ள வேலைக்காரர்களுக்கு விடுமுறை. துப்புரவு வேலை உட்பட அவர்களுடைய வேலைகளை, வந்திருப்பவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள். ஓய்வெடுக்க வந்தவர்களே மற்றவர்களுக்கு ரெஸ்ட் கிவர்! இரண்டாவது, 1950இல் லக்னோவில் அவர் தொடங்கிய நூர் மன்ஸில் மனநல மருத்துவமனை. ‘ஊழியக்காரனுக்கு மனச்சோர்வு வராது’ என்று அவர் சொல்லவில்லை. வந்து பார்த்தவர் அவர்.

மருத்துவ உலகமும் பிற்பாடு இதற்குப் பெயர் வைத்தது. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சோர்ந்து விழுவதைக் கண்ட ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியல் அறிஞர், 1974இல் அதை ‘பர்ன் அவுட்’ என்றார். 2019இல் உலக சுகாதார நிறுவனமும் தன் பட்டியலில் இதை விவரித்தது. வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றே குறித்தது. தனியான நோய் என்று சொல்லவில்லை. அதன் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், செய்யும் வேலையிடமிருந்தே மனம் விலகுதல், செய்தது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். எங்கள் போதகரிடம் மூன்றும் இருந்தன. எங்களிடம்தான் ஒலியலைக் கருவி இல்லை.

கத்தோலிக்கர்கள் இந்த விஷயத்தில் எங்களைவிட இரயில்வேக்கு நெருக்கமானவர்கள். என்னோடு வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் அவர்களுடைய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தைக் காட்டினார். பங்குக்குரு ஆண்டுக்கு ஒரு மாதம் வரை, தொடர்ந்தோ பிரித்தோ, விடுமுறையில் இருக்கலாம். ஆண்டுக்கொரு முறை அவர் போகும் தியானத்தின் நாட்கள் (பழைய நூல்களில் ‘ஞான ஒடுக்கம்’ என்ற அழகான பெயர் இதற்கு உண்டு) அந்தக் கணக்கில் சேராது. அவர் இல்லாத நாட்களில் பங்கைக் கவனிக்க மற்றொரு குருவுக்கு ஏற்பாடு செய்வது மேற்றிராணியாரின் கடமை. இந்தக் கடைசி வாக்கியம்தான் என் கண்ணில் பட்டது. நம் நாட்டுத் துறவிகளும் மழைக்காலத்தில் அலைச்சலை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள், சாதுர்மாஸ்யம் என்கிறோம். அலைகிறவன் நிற்க வேண்டும் என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை.

‘அவர்தான் வருடாவருடம் ஊருக்குப் போய்வருகிறாரே’ என்று ஒரு கேள்வி எழும். வாசகர்களே, ஊருக்குப் போவது ஓய்வா என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? இரண்டு இராத்திரி இரயில். இறங்கியதும் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, பட்டா மாற்றத் தாலுகா ஆபீஸ், தம்பியோடு வரப்புத் தகராறு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். யார் வீட்டுக்குப் போகவில்லையோ அவர்களுடைய கோபம். திரும்பி வந்து இரண்டு நாள் படுத்தால்தான் டூட்டிக்குப் போக முடியும். போதகருக்கு இவற்றோடு இன்னொன்றும் சேரும்: ஊர்ச் சபையில், ‘வடக்கேயிருந்து வந்திருக்கிறார், ஒரு செய்தி கொடுக்கட்டும்’ என்பார்கள். அவர் போக வேண்டிய இடம், அவரை யாருக்கும் தெரியாத இடம்.

இப்போது நம் ஊர்ச் சபையில் என்ன செய்கிறோம் என்று சொல்லி முடிக்கிறேன். நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபின் இதை ஏற்படுத்தச் சில ஆண்டுகள் பிடித்தன. முதலில் எதிர்த்தவர் போதகரேதான். ‘ஜனங்கள் தவறாக நினைப்பார்கள்’ என்றார். திங்கட்கிழமை அவருடைய ஓய்வுநாள். அன்று சபையின் போன் எங்களில் ஒருவரிடம் இருக்கும். ஆறு பேர் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கார்டு. இரண்டு பேர் நர்ஸ் அம்மாமார். சாவு என்றால் மட்டும் போதகருக்குச் சொல்லுவோம். மற்ற எதுவானாலும் செவ்வாய்க்கிழமைவரை தாங்கும், அல்லது நாங்கள் தாங்குவோம். ஆண்டுக்கு மூன்று வாரம் விடுப்பு. போக்குவரத்துச் செலவு சபையுடையது. எங்களுக்குத்தான் பாஸ் உண்டு, அவருக்கு ஏது? அந்த ஞாயிறுகளில் பக்கத்து ஊர்ப் போதகர் ஒருவர் வந்து திருவிருந்து கொடுப்பார். அவருடைய விடுப்பில் நம்மவர் அங்கே போவார். மற்ற நாட்களில் நாங்களே ஆராதனை நடத்துவோம். நான் பிரசங்கம் செய்த ஞாயிறுகளில் கூட்டம் சற்றுக் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் அவர் மலையில் இருந்தபோது, இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. சென்னைக்குப் போகிற வண்டியில் நெஞ்சுவலி என்று ஒரு தமிழ்ப் பெரியவரை இறக்கியிருக்கிறார்கள்; கூட வந்த பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. கார்டு நண்பரும் ஒரு நர்ஸ் அம்மாவும் போய், மருத்துவமனையில் சேர்த்து, விடியும்வரை உடன் இருந்தார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் மகன் வந்து அழைத்துக்கொண்டு போனார். போதகர் திரும்பி வந்து இதைக் கேள்விப்பட்டபோது, “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணாச்சி” என்று கார்டிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

“அன்னைக்கு ரோஸ்டர்ல உங்க பேர் இல்லையே ஐயா” என்றாராம் கார்டு.

அடுத்த மாதம் முதல் திங்கள் என் முறை. போன் என்னிடம் இருக்கும்.